திரும்பிப் பார்க்க ஒரு நாள் குறித்துவிட்டு நோட்டு வாங்குங்கள்

கேள்வி: எனக்கு 42 வயது. வீடு திருநகரில். கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். காலை 5 மணிக்கு எழுந்தால் ராத்திரி 11 வரை ஓட்டம்தான். மகன் பிளஸ் டூ, மகள் எட்டாம் வகுப்பு, மாமியாருக்குச் சர்க்கரையும் மூட்டுவலியும். படுக்கும்போது இன்றைக்கு என்ன செய்தோம் என்று யோசித்தால் ஒன்றும் நினைவில் நிற்பதில்லை. வருஷங்களும் இப்படியே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. கடைக்கு வரும் புத்தாண்டு டைரியில் சில வருஷம் எழுதத் தொடங்கினேன். ஒவ்வொரு தடவையும் பொங்கலோடு நின்றுவிட்டது. எழுதின பக்கங்களைப் படித்தால் எல்லாம் புலம்பல். போனில் ஒரு செயலி போட்டுப் பார்த்தேன், அதுவும் சரிப்படவில்லை. எப்போதும் கூடவே ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு தினமும் எழுதினால் நாள் நம் கைக்குள் வரும் என்கிறார்கள். அதில் என்ன எழுதுவது, எப்போது எழுதுவது? வீட்டில் யாராவது எடுத்துப் படித்துவிட்டால்? உசிலம்பட்டியில் அப்பா தனியாக இருக்கிறார். அவரோடு நிதானமாகப் பத்து நிமிஷம் பேசக்கூட முடியவில்லை. ஒரு நோட்டு இதையெல்லாம் மாற்றுமா?

வாசகி, திருநகர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மாற்றும். ஆனால் அதில் எழுதுவதால் மட்டும் எதுவும் மாறாது. எழுதினதைத் திரும்ப எடுத்துப் பார்த்து, ஒரு முடிவு செய்தால்தான் மாறும். ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். டைரியைப் பற்றிப் பேசும் பலரும் விட்டுவிடுகிற பகுதியும் இதுதான்.

டைரி நின்றுபோனதற்கு உங்களுக்கு ஒழுங்கு போதாததுதான் காரணம் என்று நினைக்கிறீர்கள். கடிதத்தில் அந்தக் குற்ற உணர்வு நன்றாகவே தெரிகிறது. மாதாமாதம் 11-ஆம் தேதி, 20-ஆம் தேதி என்று ஜி.எஸ்.டி. கணக்கு போக வேண்டிய கடையில் கணக்கு எழுதுகிற ஒருவரிடம் ஒழுங்கு இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குறை டைரியில் இருந்தது.

நம் வீடுகளில் பாதியில் நிற்காத நோட்டு ஒன்று உண்டு. மொய் நோட்டு. உங்கள் அப்பா வீட்டிலும் பரணிலோ பீரோவிலோ நிச்சயம் இருக்கும். காதுகுத்து, கல்யாணம், வீடு குடிபோதல் எதுவானாலும் வாசலில் மேஜை போட்டு, பிள்ளையார் சுழி போட்டு, ஊர், பெயர், தொகை என்று மூன்றே விவரம் எழுதுவார்கள். சாப்பாடு எப்படி இருந்தது, யார் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், இதெல்லாம் அதில் வராது. இருபது வருஷம் கழித்து மேலூரிலிருந்து ஒரு பத்திரிகை வந்தால் அந்த நோட்டைத்தான் இறக்குவார்கள். அவர்கள் நமக்கு என்ன செய்தார்கள், நாம் என்ன செய்ய வேண்டும் என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். என்றைக்காவது கட்டாயம் திறந்து பார்ப்போம் என்று தெரிந்திருப்பதால்தான் எழுதுகிறவர் ஒரு வரியைக்கூட விடாமல் எழுதுகிறார். என்ன எழுத வேண்டும் என்பதில் அவருக்குக் குழப்பமும் இல்லை. உங்கள் புத்தாண்டு டைரியில் இந்த இரண்டுமே இல்லை. ஒரு முழுப்பக்கம் காலியாகக் கிடக்கும், எதை எழுதுவது என்று தெரியாது. எழுதினதை யார் எப்போது எதற்காகப் பார்க்கப்போகிறார்கள் என்பதும் தெரியாது. அப்படிப்பட்ட பக்கத்தில், களைத்துப்போன ஒருவர் ராத்திரி 11 மணிக்குப் புலம்பலைத் தவிர வேறு என்ன எழுத முடியும்?

முதலில் நோட்டு. உள்ளங்கை அளவில், உங்கள் மணிபர்ஸோடு சேர்ந்து கைப்பைக்குள் போகிற மாதிரி ஒன்று வாங்குங்கள். பெரியார் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி எந்த ஸ்டேஷனரிக் கடையிலும் கிடைக்கும். நடுவில் பின் அடித்தது வேண்டாம், பைக்குள் கிடந்து உரசி ஒரு மாதத்தில் தாள் தனித்தனியாக வந்துவிடும். கம்பிச் சுருள் போட்டதும் வேண்டாம், சேலையில் மாட்டும். நூல் போட்டுத் தைத்தது நல்லது. விலை உயர்ந்ததை வாங்காதீர்கள். அட்டை பளபளவென்று இருந்தால் அதில் கிறுக்க மனசு வராது, நல்ல கையெழுத்தில் நல்ல விஷயம்தான் எழுத வேண்டும் என்று தோன்றிவிடும். சாதாரண பால்பாயின்ட் பேனா போதும். நம் ஊர் வெயிலுக்கு, வியர்த்த கையோடு ஜெல் பேனாவில் எழுதினால் வரி கலைந்துவிடும். போன் ஏன் சரிப்படவில்லை என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். எழுத எடுத்தால் அதில் வாட்ஸ்அப்பும் வரும், மகளின் பள்ளிக்கூடச் செய்தியும் வரும், கடை முதலாளியின் அழைப்பும் வரும். நோட்டில் அப்படி எதுவும் வராது.

முதல் இரண்டு வாரம் எதையும் மாற்ற முயற்சி செய்யாதீர்கள். சீக்கிரம் எழுவது, நடப்பது, தியானம் எதுவும் வேண்டாம். நாள் எங்கே போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் இந்த நோட்டு பதில் சொல்லட்டும். என்ன நடந்தது, எத்தனை மணிக்கு. அவ்வளவுதான். உதாரணத்துக்கு இப்படி:

5.10 முதல் 6.40. சமையல், மூன்று டிபன் பாக்ஸ்.
6.40. அத்தைக்கு மாத்திரை, பிறகு இட்லி.
7.00. பையனை எழுப்ப மூன்று தடவை.
8.20. பஸ். பழங்காநத்தம் வரை நின்றுகொண்டு.
1.30. சாப்பாடு. மிச்சம் 20 நிமிஷம் போன்.

உணர்ச்சியைப் பற்றி எழுத வேண்டுமென்றால் வரியின் ஓரத்தில் ஒரு கூட்டல் குறி, அல்லது கழித்தல் குறி. மனசு லேசாக இருந்த நேரத்துக்குக் கூட்டல், கனமாக இருந்த நேரத்துக்குக் கழித்தல். விளக்கம் வேண்டாம். மனச்சோர்வோடு வருகிறவர்களுக்கு உளவியல் சிகிச்சையில் நாங்கள் கொடுக்கிற அன்றாடச் செயல் அட்டவணையும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். என்ன செய்தோம், அப்போது மனசு எப்படி இருந்தது என்பதை அருகருகே வைத்துப் பார்த்தால், நாம் நினைத்துக்கொண்டிருந்ததற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளி தெரியும். ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு என்று நினைத்தவர் அந்த நாள் முழுக்கக் கழித்தல் குறியாக இருப்பதைப் பார்த்து அசந்துபோவார்.

மணிக்கொரு தடவை எழுத வேண்டியதில்லை. எழுதுவதற்கு உங்கள் நாளில் ஏற்கெனவே இடைவெளிகள் இருக்கின்றன. திருநகர் நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, கடையில் போய் உட்கார்ந்ததும், மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும், சாயங்காலம் பெரியாரில் நிற்கும்போது, கடைசியாகப் படுக்கும் முன். ஓடுகிற பஸ்ஸில் எழுத வேண்டாம், கோணல் எழுத்தைப் பிறகு உங்களாலேயே படிக்க முடியாது. ராத்திரி ஒரே மூச்சில் முழு நாளையும் எழுதுவதும் கூடாது. அந்த நேரத்தில் நினைவுக்கு வருவது நாளின் கடைசித் தொந்தரவு மட்டும்தான். உங்கள் பழைய டைரி அப்படித்தான் புலம்பலானது.

புலம்பலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மனசில் கிடப்பதை எழுதுவது நல்லதுதான். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களைத் தங்களை மிகவும் பாதித்த சம்பவத்தைப் பற்றித் தினமும் 15 நிமிடம் எழுதச் சொன்னார். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்களுக்கு எழுதிய உடனே மனசு கனத்தது. ஆனால் அடுத்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போனது குறைந்திருந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் எழுதியது நான்கே நாட்கள். வருஷம் முழுக்க அல்ல. ஒரே வேதனையை ஒரே வார்த்தைகளில் தினமும் எழுதினால் அது ஆறாது, புண்ணைக் கிளறிக்கொண்டே இருப்பதாகிவிடும். அதனால் மனசில் பெரிதாக ஏதாவது கிடந்தால், தனித்தாளில், நான்கு நாள், பதினைந்து பதினைந்து நிமிஷம் எழுதுங்கள். முடிந்ததும் கிழித்துப் போட்டாலும் சரி. கைப்பையில் இருக்கிற நோட்டுக்குள் அதைக் கொண்டுவராதீர்கள்.

அப்புறம், படுக்கும் முன் எழுதுகிற அந்தக் கடைசி வரி. அதில் இன்று என்ன நடந்தது என்று எழுத வேண்டாம், நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை வைத்து நடத்தி 2018-ல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. படுக்கும் முன் 5 நிமிடம், பாதிப் பேர் வரும் நாட்களில் செய்ய வேண்டியதை எழுதினார்கள். மற்றவர்கள் செய்து முடித்த வேலைகளை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சுமார் 9 நிமிடம் முன்னதாகவே தூங்கிவிட்டார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம். சிறிய ஆய்வுதான், வயதிலும் அவர்கள் உங்களைவிட இளையவர்கள். ஆனால் ஆலோசனை அறையில் நான் பார்ப்பதும் இதோடு ஒத்துப்போகிறது. முடிக்காத வேலை மூளையை விடாது. கேஸ் சிலிண்டருக்குப் பதிய வேண்டும், பையனின் தேர்வுக் கட்டணம், அத்தைக்கு மாத்திரை தீரப்போகிறது என்று தாளில் இறக்கிவிட்டால், மறந்துவிடுவோமோ என்று விழித்துக் காவல் இருக்க வேண்டிய அவசியம் மனசுக்கு இல்லை.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரக் குறிப்பில் பெரும்பாலும் கழித்தல் குறியே இருந்தால், தூக்கம் கெட்டு, பசியில்லாமல், எதிலும் நாட்டமில்லாமல் அழுகை வந்துகொண்டே இருந்தால், அது நோட்டு தீர்க்கிற விஷயம் அல்ல. அரசு இராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவருக்கு அது மிகவும் பயன்படும். உயிரோடு இருந்து என்ன என்று ஒரு தடவை தோன்றினாலும் 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு, அது அரசின் மனநல உதவி எண், உடனே பேசுங்கள். கட்டணம் கிடையாது, எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

வீட்டில் யாராவது படித்துவிட்டால் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியைப் பெண்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். நம் வீடுகளில் ஒரு பெண்ணுக்குச் சொந்தமாகப் பூட்டுகிற ஒரு டிராயர்கூட இருப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். பிள்ளைகளின் மேஜை தனி, கணவரின் பை தனி, அம்மாவின் பொருள் மட்டும் எல்லோருக்கும் பொது. அடுத்தவர் நோட்டை அனுமதியில்லாமல் எடுத்துப் படிப்பது தவறு. கணவன் மனைவிக்குள்ளும் அது தவறுதான். ஆனால் தவறு என்று சொல்வதால் மட்டும் உங்களுக்குப் பாதுகாப்பு வந்துவிடாது என்பதும் எனக்குத் தெரியும்.

ஒளித்து வைக்காதீர்கள் என்பதே என் யோசனை. ஒளித்து வைத்த நோட்டைத்தான் வீட்டில் எல்லோரும் தேடுவார்கள். முதல் நாளே, இது என் கணக்கு நோட்டு, என் வேலையை எழுதி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு, எல்லோர் முன்னாலும் எழுதுங்கள். மணியும் வேலையும் இருக்கிற பக்கத்தை ஒரு தடவை புரட்டிப் பார்த்தால் மறு தடவை யாரும் தொட மாட்டார்கள். கூட்டல் கழித்தல் குறிக்கு என்ன பொருள் என்று நீங்கள் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆட்களின் பெயருக்குப் பதில் உங்களுக்கு மட்டும் தெரிந்த ஓர் எழுத்து போதும். கோபத்தில் ஒருவரைப் பற்றி ஏதாவது எழுதிவிட்டால் அந்தத் தாளைக் கிழிக்கத் தயங்காதீர்கள். தாள் குறைந்தால் நோட்டு கெட்டுப்போகாது.

நடுவில் விட்டுப்போகுமே என்றால், போகும். கட்டாயம் போகும். மார்ச் கணக்கு முடிப்பில் போகும், தீபாவளிக்கு முந்தின வாரம் கடையில் போகும், சித்திரைத் திருவிழாவில் தேர் மாசி வீதியைச் சுற்றுகிற நாளில் உங்களால் கடைக்குப் போய்ச் சேருவதே பெரிய பாடு. லண்டனில் 96 பேரைக் கவனித்து 2010-ல் வந்த ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கிற அளவுக்கு ஊன்றச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். ஒரு நாள் தவறியதால் பழக்கம் குலைந்துவிடவில்லை என்பதும் அதில் தெரிந்தது. விட்டுப்போன நாட்களை யோசித்து யோசித்து நிரப்பாதீர்கள். அன்றைய தேதியைப் போட்டு அன்றைய வரியிலிருந்து தொடங்குங்கள். புத்தாண்டு டைரியில் ஒவ்வொரு பக்கத்திலும் தேதி அச்சடித்திருப்பதால் காலிப் பக்கம் ஒவ்வொன்றும் நம்மைக் குற்றம் சாட்டும். சின்ன நோட்டில் காலிப் பக்கமே வராது. அதை வாங்கச் சொல்வதற்கு எனக்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, திரும்பிப் பார்க்கிற நாள். எழுதுவதற்கு முன்பே இந்த நாளைக் குறித்துவிட வேண்டும். நோட்டின் அட்டைக்குப் பின்னால் முதல் வரியாக அதை எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்று எல்லோரும் சொல்வார்கள், நான் சொல்ல மாட்டேன். மதுரையில் ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையிலேயே கறி எடுத்து, மசாலா அரைத்து, குழம்பு வைத்து, பாத்திரம் கழுவி முடிக்கும்போது மூன்று மணி. வாரத்தில் உங்களுக்குக் கொஞ்சமும் நேரமில்லாத நாள் அது. சனிக்கிழமை மதியம் சாப்பிட்ட பிறகு கடையிலேயே 15 நிமிஷம் எடுத்துக்கொள்ளுங்கள். வேறு நிற மையில் ஒரு பேனா வைத்துக்கொண்டு, வாரத்தின் வரிகளைப் படித்துக்கொண்டே போங்கள். இரண்டு கேள்வி போதும். எது திரும்பத் திரும்ப வருகிறது? வர வேண்டியது எது ஒரு தடவைகூட வரவில்லை? உங்கள் கடிதத்தை வைத்துச் சொன்னால், அப்பா என்ற வார்த்தை ஏழு நாளில் எத்தனை வரியில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். பிறகு, பக்கத்தின் அடியில் அடுத்த வாரத்துக்கு ஒரே ஒரு முடிவை எழுதுங்கள். மூன்று நான்கு வேண்டாம்.

மதுரைக்காரர்களுக்குக் காந்தி என்றால், 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதியில் அரையாடைக்கு மாறிய காந்திதான் நினைவுக்கு வருவார். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பு லண்டனில் சட்டம் படித்த மாணவராக அவர் செய்ததைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பஸ் கட்டணம், தபால் தலை, பத்திரிகைக்குக் கொடுத்த சில்லறை வரை எழுதி, தினமும் படுக்கப் போகும் முன் கணக்கை நேர் செய்துவிடுவார். அந்தக் கணக்கு அவரைச் சும்மா இருக்க விடவில்லை. செலவில் பாதியைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்தார். ஒரு குடும்பத்தோடு தங்கியிருந்ததை விட்டுவிட்டுத் தனியாக அறை எடுத்தார். போக வேண்டிய இடங்களுக்கு நடந்தே போகிற தூரத்தில் அறை பார்த்தார், வண்டிச் செலவு மிச்சமானது. தினமும் எட்டுப் பத்து மைல் நடந்ததால் உடம்பும் நன்றாக இருந்தது என்கிறார். அரையாடை பெரிய முடிவுதான். ஆனால் எழுதி, பார்த்து, அதன்படி வாழ்க்கையை மாற்றிக்கொள்கிற வழக்கம் அவருக்கு அந்தச் சில்லறைக் கணக்கிலேயே வந்துவிட்டது என்று நான் நம்புகிறேன்.

உங்கள் இரண்டு வாரக் கணக்கில் என்ன தெரியும் என்பதை ஓரளவு என்னால் இப்போதே சொல்ல முடியும். உங்கள் நேரம் வீணாகிறது என்று தெரியாது. போனில் போன இருபது நிமிஷத்தைப் பார்த்து உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள், அந்த நாளில் நீங்கள் உட்கார்ந்த நேரம் அது ஒன்றாகத்தான் இருக்கும். உங்கள் நாள் முழுக்க மற்றவர்களின் வேலையால் நிரம்பியிருக்கிறது என்பதுதான் தெரியும். இது உங்கள் வீட்டுக் கதை மட்டும் அல்ல. இந்திய அரசு 2019-ல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். அந்த வேலை செய்கிற ஆண்கள் 97 நிமிடம். அதுவும் செய்கிறவர்களை மட்டும் எடுத்தால்தான் இந்த 97. ஆண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான் அந்த வேலையைத் தொடவே தொடுகிறார். உங்களுக்கு இந்த ஐந்து மணி நேரத்துக்கு மேல் கடை வேலையும் இருக்கிறது.

அதனால்தான், காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து உங்களுக்கான நேரத்தை உருவாக்குங்கள் என்று சொல்கிற ஆலோசனைகள் எனக்குக் கோபத்தை வரவழைக்கின்றன. ஐந்து மணிக்கு எழுகிறவரை நாலு மணிக்கு எழச் சொல்வது ஆலோசனை ஆகாது. விழிப்போடு வாழ்வது என்று பெயர் வைத்து, ஏற்கெனவே முதுகில் இருக்கிற மூட்டைமேல் இன்னொரு வேலையை ஏற்றுகிறார்கள். உங்கள் நாளில் நேரம் வர வேண்டுமென்றால் ஏதோ ஒரு வேலை உங்கள் கையை விட்டு இன்னொருவர் கைக்குப் போக வேண்டும். வேறு வழி இல்லை.

முதல் இரண்டு சனிக்கிழமை முடிந்ததும் கணவரிடம் பேசுங்கள். எல்லாம் நானே செய்கிறேன் என்று தொடங்கினால் அது சண்டையில்தான் முடியும், அவர் தன் பக்கத்து வேலையை அடுக்குவார். நோட்டைத் திறந்து ஒரு பக்கத்தை மட்டும் காட்டுங்கள். 5.10 முதல் 8.20 வரை இதுதான் நடக்கிறது, இதில் ஒன்றை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேளுங்கள். எது என்பதை அவரே சொல்லட்டும், ஆனால் பேச்சு முடிவதற்குள் சொல்லியாக வேண்டும். பையனை எழுப்புவது, அத்தைக்கு மாத்திரை கொடுப்பது, இந்த இரண்டுக்கும் சமையல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மாத்திரைப் பொறுப்பு மகனுக்கும் வரலாம். பிளஸ் டூ படிக்கிறான் என்பதற்காகப் பாட்டிக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுத்துக் கொடுக்காமல் வளர்வது அவனுக்கு நல்லதல்ல. மகளிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், பெண் பிள்ளை என்பதால் அவள் சொன்னவுடன் செய்துவிடுவாள். அதனால்தான் வேண்டாம் என்கிறேன். கைமாறிய வேலையை அவர்கள் அரைகுறையாகச் செய்வார்கள். இட்லி ஆறிப்போயிருக்கும், மாத்திரை கால் மணி நேரம் தள்ளிப்போகும். ஒரு மாதம் வாயைத் திறக்காமல் இருங்கள். சர்க்கரை மாத்திரை என்பதால் எது சாப்பாட்டுக்கு முன், எது பின் என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பிரிட்ஜில் ஒட்டிவிடுங்கள்.

அதற்குப் பிறகுதான் காலை வரி. மூன்றாவது வாரத்திலிருந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது உங்களுக்காக ஒரு வரி எழுதுங்கள். அப்பாவோடு பேச வேண்டும் என்று எழுதினால் அது நடக்காது. செவ்வாய் மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும், கடை மாடிப்படியில் உட்கார்ந்து அப்பாவுக்குப் போன் என்று எழுதினால் நடக்க வாய்ப்பு அதிகம். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இதைப் பற்றி 1999-ல் எழுதிய கட்டுரை எங்கள் துறையில் புகழ்பெற்றது. இன்னது நடந்ததும், இன்ன இடத்தில், இன்னதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்தால், அந்த நேரம் வந்ததும் தனியாக மன உறுதி தேவைப்படாமலேயே செயல் நடக்கிறது என்பதுதான் அவர் சொன்னது. கை கழுவுவது எப்படியும் தினமும் நடக்கிறது. அப்பாவை அதோடு கட்டிவிடுங்கள்.

அவரோடு என்ன பேசுவது என்பதையும் நோட்டிலேயே குறித்துக்கொள்ளலாம். கண் புரை எப்படி இருக்கிறது, மழை பெய்ததா, பக்கத்து வீட்டுக்காரர் ஊரிலிருந்து வந்தாரா. போன தடவை அவர் சொன்னதை ஒரு வரி குறித்து வைத்து அடுத்த தடவை அதிலிருந்து தொடங்கினால், தனியாக இருக்கிற மனிதருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் பேச்சில் நோட்டில் எழுதி வைக்கிற அளவுக்கு ஏதோ இருக்கிறது என்று அவருக்கும் புரியும்.

நோட்டில் என்ன எழுதினீர்கள் என்று எனக்குச் சொல்ல வேண்டாம், அது உங்களுடையது. கணவரோடு பேசிய பிறகு எந்த வேலை யார் கைக்கு மாறியது, மாறவில்லையென்றால் அவர் என்ன காரணம் சொன்னார் என்பதை மட்டும் எழுதுங்கள். அதற்கு என்ன செய்யலாம் என்று அடுத்த கடிதத்தில் பேசுவோம்.